நல்லா இருக்கோம் என்று சொல்லிப் பழகிய வீடு

அன்புள்ள தம்பி,

நலம், நலமறிய ஆவல் என்று இந்தக் கடிதத்தை நான் ஆரம்பிக்கப்போவதில்லை. அந்த வார்த்தையை இந்த வீட்டில் அளவுக்கு மேல் செலவழித்துவிட்டோம். நீ இதைப் படிக்கும்போது மீசை முளைத்த ஆளாக, அம்மாவான என்னைவிட உயரமாக, எங்கோ ஓர் ஊரில் இருப்பாய். இன்று உனக்கு எட்டு வயது. பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டிய இந்த நேரத்தில் உள்ளறையில் பாயில் சுருண்டு படுத்திருக்கிறாய். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

இதைப் போன வருஷமே எழுதியிருக்க வேண்டும். பயம் விலகட்டும் என்று காத்திருந்தேன். விலகவில்லை. நேற்று நாச்சியாபுரத்தில் உன் அத்தை வீட்டுக்குப் போயிருந்தபோது, பெரியவனானதும் என்ன ஆகப்போகிறாய் என்று யாரோ கேட்டார்கள். நீ நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "பட்டாளத்துக்குப் போவேன், அப்பா மாதிரி" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள், உன் தலையைத் தடவினார்கள். நான் மட்டும் உன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன் இடது கெண்டைக்காலில் ஒரு தழும்பு இருக்கும். அது எப்படி வந்தது என்று உனக்கு நினைவிருக்கலாம். அதை நீ ஏன் மறைத்தாய் என்பது மறந்து போயிருக்கும். எனக்கு மறக்காது. மறைக்கக் கற்றுக்கொடுத்தவளே நான்தான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நன்றி கெட்டவள் ஆகிவிடுவேன். கல்யாணமான புதிதில் உன் அப்பாவுக்கு வடக்கே குடும்பத்தோடு இருக்கும்படி ஒரு குவார்ட்டர்ஸ் கிடைத்தது. காரைக்குடியில் கணக்குப் பாடம் படித்து முடித்த கையோடு, இந்தியில் 'தண்ணீர்' கேட்கக்கூடத் தெரியாமல் போய் இறங்கினேன். பக்கத்து வீட்டு ஒடியாப் பெண் என் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் அடுப்பு பற்றவைக்கச் சொல்லிக்கொடுத்தாள். நீ பிறந்தது அங்கே ஒரு மிலிட்டரி ஆஸ்பத்திரியில். எனக்குக் காய்ச்சல் கண்டபோது உன்னைத் தன் சால்வைக்குள் போட்டுக்கொண்டு தூங்கவைத்தவள் அவள்தான். என் சொந்தத்தில்கூட அப்படி ஒருத்தி எனக்கு வாய்க்கவில்லை. நீ இன்றைக்கும் படுக்கையை மூலைக்கு மூலை சரியாக மடிக்கிறாயே, அது உன் அப்பாவிடமிருந்து வந்தது. நம் தலைக்கு மேல் இருக்கும் கூரையும் அவருடைய சம்பளத்தில்தான் நிற்கிறது. இதையெல்லாம் நான் மறுக்கவில்லை.

பிறகு அவரைக் குடும்பம் போக முடியாத எல்லைப் பக்கம் மாற்றினார்கள். உன்னைத் தூக்கிக்கொண்டு நான் காரைக்குடிக்குத் திரும்பி, ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராகச் சேர்ந்தேன். அன்றிலிருந்து உனக்கு அப்பா என்றால் போன்தான். அவர் கூப்பிடும் நேரம் நம் கையில் இல்லை, மலைமேல் டவர் கிடைப்பதைப் பொறுத்தது. கிடைத்தால் சில நிமிஷம். அந்தச் சில நிமிஷத்துக்கு உன் அத்தை, அதாவது உன் அப்பாவின் அக்கா, எனக்கு ஒரு சட்டம் வைத்திருந்தார். "இங்க பாருத்தா, வீடு இடிஞ்சு விழுந்தாலும் அவன்ட்ட சொல்லாத. துப்பாக்கியப் பிடிச்சு நிக்கிறவன் மனசு இங்குட்டு வரக் கூடாது. நல்லா இருக்கோம்னு சொல்லிட்டு வச்சிரு." பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிய எங்கள் ஊர்ப்பக்கத்து வீடுகள் எல்லாவற்றிலும் இதே சட்டம்தான். மாடு செத்தது, மழை பொய்த்தது, பங்காளி வரப்பை வெட்டியது எல்லாம் லீவில் வரும்போதுதான் அவர்களுக்குத் தெரியவரும். அதுவரைக்கும் எல்லோரும் நலம்.

நீ கின்டர்கார்டன் போய்க்கொண்டிருந்தபோது உனக்கு ஒரு தம்பியோ தங்கையோ வருவதாக இருந்தது. வரவில்லை. நான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தேன். நீ பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தாய். அப்போது பார்த்து உன் அப்பா கூப்பிட்டார். பின்னால் யாரையோ பெயர் சொல்லி அழைத்துக்கொண்டிருந்தார்கள். "அது என்ன சத்தம்?" என்று கேட்டார். டிவி என்றேன். என் குரல் உடைவது தெரிந்துவிடும் என்று போனை உன்னிடம் நீட்டி, கையால் பொத்திக்கொண்டு, "வீட்ல இருக்கோம்னு சொல்லு, நல்லா இருக்கோம்னு சொல்லு" என்று காதில் சொன்னேன். நீ வாயில் இருந்த பன்னை விழுங்கிவிட்டு, ரொம்பத் தெளிவாக, "வீட்ல இருக்கோம்ப்பா. நல்லா இருக்கோம்" என்றாய். சொல்லிவிட்டு, சரியாகச் சொன்னேனா என்பதுபோல் என்னைப் பார்த்தாய். நான் தலையாட்டினேன். தம்பி, அந்தத் தலையாட்டல் என்னை விடவே இல்லை. உறக்கத்திலும் தலையாட்டிக்கொண்டே இருக்கிறேன்.

அடுத்த லீவில் அதை அவரிடம் சொன்னேன். "சரி" என்றார். பிறகு வெளியே போய் வண்டியைக் கழுவ ஆரம்பித்தார். அது ஏற்கெனவே சுத்தமாக இருந்த வண்டி. வெயில் ஏறும்வரை கழுவினார். நான் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேனே தவிர, பக்கத்தில் போகவில்லை. போயிருக்க வேண்டும்.

இனி அந்தத் தழும்பு. என்னோடு வேலை பார்க்கும் டீச்சர் ஒருத்திக்குக் கண்டனூரில் அவர்களுடைய பூர்வீக வீட்டில் கல்யாணம். வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடக்கிற பெரிய வீடு. கல்யாணத்துக்காகத் திறந்து, பாதியைக் கழுவி, சீரியல் பல்பு போட்டிருந்தார்கள். மறுபாதி பூட்டியபடியே இருந்தது. நீ மற்றப் பிள்ளைகளோடு பின்கட்டுப் பக்கம் ஓடினாய். பந்தியில் உட்கார உன்னைத் தேடியபோது வந்துவிட்டாய். புது பேன்ட், ஷூ, சாக்ஸ், எல்லாம் ஒழுங்காக இருந்தது. முகம் மட்டும் கொஞ்சம் வெளுத்திருந்தது. வெயில் என்று நினைத்தேன். கல்யாணப் பெண்ணின் அம்மா உன் இலையைப் பார்த்துவிட்டு, "என்ன அப்பச்சி, கந்தரப்பத்தத் தொடவே இல்ல? எங்க வீட்டுப் பலகாரம் பிடிக்கலையா?" என்று கேட்டார். "வயிறு நெறஞ்சிருச்சு ஆச்சி" என்று சிரித்தாய். பஸ்ஸில் என் மடியில் தூங்கிக்கொண்டே வந்தாய்.

அந்த வாரத்தில் ஒருநாள் நீ காலைச் சாய்த்து நடப்பதைக் கவனித்து ஏன் என்று கேட்டேன். விளையாடும்போது சுளுக்கிக்கொண்டதாகச் சொன்னாய். நம்பினேன். பரீட்சைப் பேப்பர் கட்டு திருத்தாமல் கிடந்தது. சனிக்கிழமை உனக்கு எண்ணெய் தேய்க்கும்போதுதான் பார்த்தேன். கெண்டைக்காலில் கருத்து, பொருக்கு தட்டி, வரிசையாகப் பல் பதிந்த இடம். என் கைக் கிண்ணம் கவிழ்ந்து எண்ணெய் தரையெல்லாம் ஓடியது.

"என்னடா இது?"

"ஒண்ணும் இல்லம்மா. நல்லா இருக்கேன்."

அதைச் சொல்வதற்கு முன்னால் ஒரு சின்ன மூச்சு எடுத்தாய். நலமாக இருப்பதாகச் சொல்லும் முன் உன் அப்பா போனில் எடுக்கிற அதே மூச்சு. எண்ணெய் வழிகிற உன் சின்ன முகத்திலிருந்து அவர் பேசினார்.

"நாயாடா?"

தலையாட்டினாய். பூட்டியிருந்த பக்கத்தில் ஒரு கதவிடுக்கு வழியாக நுழைந்ததையும், அங்கே குட்டி போட்ட நாய் ஒன்று இருந்ததையும், குட்டியைத் தூக்கப்போனதையும் துண்டு துண்டாகச் சொன்னாய். குழாயில் காலைக் கழுவி, சாக்ஸை மேலே இழுத்துவிட்டுக்கொண்டாயாம்.

"ஏன்டா அம்மாட்ட சொல்லல?"

"சொன்னா நீ அழுவ. அப்பறம் அப்பா கூப்பிட்டா நல்லா இருக்கோம்னு எப்படிச் சொல்றது?"

ஆட்டோவில் உன்னை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தேன். பெரியாஸ்பத்திரியில் என் வயதே இருக்கும் ஒரு டாக்டரம்மா காலைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "டீச்சர்ங்கிறீங்க. கடிச்ச அன்னைக்கே வர வேணாமா? நாய்க்கடிய வச்சுக்கிட்டு இத்தன நாள் இருக்கலாமா?" புண்ணைச் சோப்புப் போட்டு வெகுநேரம் கழுவினார்கள். புண்ணைச் சுற்றியே ஊசி குத்தினார்கள், கையிலும் போட்டார்கள். அடுத்த கட்டிலில் ஒரு பெரிய ஆள் அதே ஊசிக்குக் கத்திக்கொண்டிருந்தார். நீ கையை இரண்டு பக்கமும் ஒட்டி வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி கிடந்தாய். நர்ஸ் வியந்துபோய், "அப்பா என்ன பண்றாரு?" என்று கேட்டார். நீயே சொன்னாய். "அதானே பார்த்தேன்! மிலிட்டரிக்காரர் பிள்ளையா, அழுவானா?" என்று உன் கன்னத்தைக் கிள்ளினார். என் வாழ்க்கையில் உன்னைப் பற்றி நான் கேட்ட பாராட்டுகளிலேயே என்னைக் கதிகலங்க வைத்தது அதுதான். அழுடா, அழுடா என்று உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

கடித்தது வெறிநாயா என்று தெரிந்துகொள்ள, அது இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க முடியுமா என்று டாக்டரம்மா கேட்டார். மறுநாள் உன் அத்தையோடு கண்டனூர் போனேன். கல்யாண வீடு மறுபடியும் பூட்டிக் கிடந்தது. வாழை மரம் வாடித் தொங்கியது. காவல்காரர் சாவிக்கொத்தோடு வந்தார். "எல்லாரும் ஊருக்குப் போயிட்டாக தாயி. நாயா? ரெண்டு நாளா கண்ணுல படலையே. அங்குட்டு குட்டிக மட்டும் கத்திக்கிட்டுக் கெடக்கு." பின்கட்டைத் திறந்து காட்டினார். இருட்டில் ஒரு மூலையில் குட்டிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் படுத்திருந்தன. தாய் வரவே இல்லை. அது செத்ததா, வேறு எங்கும் போனதா என்று இன்றுவரை தெரியாது. அவ்வளவு பெரிய வீட்டில் அந்தக் குட்டிகளின் முனகல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

மிச்ச ஊசிகளையும் விடாமல் முறையாகப் போட்டால் பயமில்லை என்று டாக்டரம்மா சொன்னார். படித்தவள் நான், எனக்குப் புரிந்தது. ஆனாலும் வெறிநாய்க்கடி கண்டவர்களுக்குத் தண்ணீரைக் கண்டால் தொண்டை அடைக்கும் என்று படித்திருந்தேனே. அன்றிலிருந்து நீ தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் உன் தொண்டையைப் பார்ப்பேன். காரணமே இல்லாமல் டம்ளரை நீட்டுவேன். "தாகம் இல்லம்மா" என்று நீ சொன்னால் விட மாட்டேன். ஒரு மடக்கு, ஒரே ஒரு மடக்கு என்று கெஞ்சுவேன். நீ குடித்துவிட்டு, "போதுமா?" என்று சிரிப்பாய்.

உன் அப்பாவிடம் சொல்லப்போகிறேன் என்று உன் அத்தையிடம் சொன்னேன். அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் அப்படியே நிறுத்தினார்.

"சொல்லிராதத்தா."

"இல்ல மதினி. இந்தப் பொய்யாலதான் பிள்ளைய நாய் கடிச்சதுகூட எனக்குத் தெரியாமப் போச்சு."

"எங்க வீட்டுக்காரரு காலு ஏன் அப்படின்னு தெரியுமா ஒனக்கு?" என்றார். உன் மாமாவும் பட்டாளத்தில் இருந்தவர், ஒரு கால் தாங்கி நடப்பவர், உனக்குத் தெரியும். வழுக்கி விழுந்ததாகத்தான் எல்லோரும் சொல்வோம். "மூத்தவளுக்கு மஞ்சக்காமாலை, பிழைக்க மாட்டா போலன்னு அவருக்குத் தெரியப்படுத்துனேன். அதே நெனப்புல போனவரு பள்ளத்தப் பாக்காம கால விட்டாரு. பிள்ள பொழச்சிருச்சு. அந்தக் காலு என் வாயால போனது. அவரு இன்னிவரைக்கும் ஒரு வார்த்த கேட்டதில்ல. கேட்டாக்கூடத் தேவலன்னு இருக்கும்." சொல்லிவிட்டு மறுபடி கீரையை எடுத்தார். கை மட்டும் வேலை செய்தது. அவ்வளவு நாளும் அந்தச் சட்டத்தை நான் கொடுமை என்று நினைத்திருந்தேன். அது பயத்தில் முளைத்தது என்று அன்றுதான் தெரிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. நீதான் ஓடிப்போய் எடுத்தாய். காலில் கட்டோடு நின்றுகொண்டு, "நல்லா இருக்கோம்ப்பா" என்றாய். நான் போனை வாங்கினேன்.

"நாங்க நல்லா இல்லைங்க" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஊசி?"

"போட்டாச்சு. இன்னும் இருக்கு."

"தண்ணி குடிக்கிறானா?"

அவருக்கும் அதே பயம். அதைக் கேட்டதும்தான் எனக்கு அழுகை வந்தது. "குடிக்கிறான்" என்றேன்.

"ஏன் என்ட்ட முன்னாடியே சொல்லல?"

"எனக்கே தெரியாது. நம்மளப் பாத்துத்தான் மறைக்கக் கத்துக்கிட்டான். நீங்க மட்டும் எல்லாத்தையும் சொல்றீகளா?"

அதற்குப் பிறகுதான் சொன்னார். "எனக்கு எடது காது கேக்கல. மழைக்கு முந்தி, பக்கத்துல ஒண்ணு வெடிச்சுச்சு. அதுல இருந்து." டவர் இல்லை, டவர் இல்லை என்று அவர் சொன்னதெல்லாம், நான் ஒன்றை இரண்டு முறை சொன்னதெல்லாம் அப்போது எனக்கு விளங்கியது. போன் துண்டிக்கப்பட்டது.

அதற்குப் பிறகு அழைப்பு வரவில்லை. மறுநாளும் வரவில்லை, அந்த வாரமும் வரவில்லை. உன் அத்தை தினமும் நாச்சியாபுரத்திலிருந்து பஸ் ஏறி வந்து என்னோடு உட்கார்ந்திருப்பார். நான் சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் இருவரும் ஒரே நேரத்தில் எழுவோம், தபால்காரராக இருக்கும், கேஸ்காரராக இருக்கும். வாய் திறந்தவள் நான். அவருக்கு ஒன்று ஆனால் அது என் வாயால் ஆனது. ஒரு கண்ணால் உன் தொண்டையையும் ஒரு கண்ணால் போனையும் பார்த்துக்கொண்டு நான் இருந்த அந்த நாள்களை எந்த எதிரி வீட்டுக்கும் நினைக்க மாட்டேன்.

பிறகு ஒரு மத்தியானம் கூப்பிட்டார். வேறு போஸ்ட்டுக்கு மாற்றியிருந்தார்களாம், அங்கே டவர் இல்லையாம். "நெசமாவே டவர் இல்ல" என்று சொல்லிச் சிரித்தார். பிறகு சொன்னார்: "அன்னைக்கு ட்யூட்டிக்குப் போறப்ப கை நடுங்குச்சு. மத்த நாளா இருந்தா யாருட்டயும் சொல்லியிருக்க மாட்டேன். என்னமோ, கூட இருந்தவன்ட்ட சொல்லிட்டேன், பையன நாய் கடிச்சிருச்சுன்னு. அவனுக்கும் ஒரு பொண்ணு. நீ படுய்யா, நான் நிக்கிறேன்னு எனக்குப் பதிலா நின்னான்."

இதிலிருந்து உண்மை சொன்னால் எல்லாம் நன்றாக முடியும் என்று நீ எடுத்துக்கொள்ளாதே. உன் மாமா கால் முன்னால் அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது. உன் அத்தைக்கும் எனக்கும் வேறு வேறு முடிவு கிடைத்தது, அவ்வளவுதான். காது இன்னும் கேட்கவில்லை. அவர் லீவில் வந்தால் இப்போதும் கதவுக்கு முதுகு காட்டி உட்கார மாட்டார். எனக்கும் இப்போதெல்லாம் டிவி சத்தம் கேட்டால் அந்த ஆஸ்பத்திரி வார்டுதான் நினைவுக்கு வரும். ஆனால் அவர் கூப்பிட்டால் முதலில் பல் வலியையோ முதுகு வலியையோதான் சொல்கிறார். "ஒங்க ஊர்ல என்ன வலி?" என்று கேட்கிறார். நான் என்னுடையதைச் சொல்கிறேன். சில நாள் இரண்டு கிழடுகள் பேசிக்கொள்வதுபோல் இருக்கும்.

நீ அந்த உடுப்பைப் போடுவாயோ என்னவோ. போட்டால் நான் குறுக்கே படுக்க மாட்டேன், அந்த உரிமை எனக்கு இல்லை என்று உன் அப்பாவைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். ஒன்றே ஒன்று கேட்பேன். எந்த மலைமேல் நின்றாலும், என்னைக் கூப்பிட்டால் அந்தச் சின்ன மூச்சை எடுக்காதே. எடுத்தால் எனக்குத் தெரிந்துவிடும்.

இன்று காலை நாம் இருவரும் போகும் பள்ளிக்கூடத்தின் வாசலில் என் சேலை முந்தானையை இழுத்தாய். "அம்மா, வயிறு வலிக்குது." இன்று உனக்குக் கணக்குப் பரீட்சை. கேள்வித்தாளைத் தயாரித்தவளே நான்தான். உன் முகத்தைப் பார்த்தால் வலிக்கிற பிள்ளை மாதிரி இல்லை. கல்யாண வீட்டு நாய்க்கும் ஊசிக்கும் வாயைத் திறக்காத நீ, தானாக வந்து எனக்கு வலிக்கிறது என்கிறாய். எவ்வளவு அழகாகப் பொய் சொன்னாய்! தலைமையாசிரியையிடம் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று லீவு சொல்லி, உன்னை வண்டியில் ஏற்றிக் கூட்டிவந்துவிட்டேன். வழியெல்லாம் நீ என் முதுகில் சாய்ந்து முனகிக்கொண்டே வந்தாய். கேட்கக் கேட்க எனக்குத் தித்தித்தது.

இப்போது உள்ளறையிலிருந்து என்னைக் கூப்பிடுகிறாய். பேனாவை வைத்துவிட்டுக் காது கொடுக்கிறேன்.

"அம்மா, தண்ணி."

டம்ளரை எடுத்துக்கொண்டு வருகிறேன்.